ஒன்பது மாதம் பிந்திய எருது

லாம்புவே குடியேற்றம்
ஹாய்பெங் ஆட்சியின் ஏழாம் ஆண்டு, ஐந்தாம் மாதம்

பீலான் அக்காவுக்கு, தெற்கிலிருந்து தம்பி தெக்செங் குனிந்து வணங்கி எழுதுவது.

நீயும் அத்தானும் சுகமா? உன் மாமனாரின் முழங்கால் வலி தேவலையா? கடல் தாய் மாசோவின் கருணையால் இங்கே நானும் சியோக்கிமும் குழந்தையும் சௌக்கியம். ஆபோவுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. முகம் அவள் அம்மா, வாய் அப்படியே நீ.

இதை அரசுக் கப்பலில் அனுப்பவில்லை. அங்கே எல்லாக் கடிதத்தையும் பிரித்துப் படித்த பிறகுதான் கொடுக்கிறார்கள். கடல் அட்டை வாங்க வந்த நாகப்பட்டினத்து வணிகர் கையில் கொடுத்திருக்கிறேன். அவருக்கு நம் எழுத்தில் ஒரு கோடுகூடப் புரியாது. அந்த நிம்மதியில்தான் மனம்விட்டு எழுதுகிறேன்.

வசந்தம் பிறக்கும் நாளில் களிமண் எருதைச் சாட்டையால் அடித்து உடைத்தால்தான் நம் ஊரில் யாரும் கலப்பையைத் தொடுவார்கள். சிறு வயதில் அந்த உடைந்த மண்ணுக்காக நாம் முண்டியடித்தோமே. இங்கே அந்தச் சாட்டை என் கையில். பேரரசர் அனுப்பும் பஞ்சாங்கத்தைப் படித்து, நாள் சொல்லி, எருதை அடிப்பதுதான் என் வேலை. அதில்தான் வந்தது வினை. பஞ்சாங்கத்தில் வசந்தம் பிறக்கும்போது இங்கே பேய்மழை. அதன்படி உழுது, நாற்றுவிட்டு, நடவு முடிக்கிறோம். முடித்ததும் மழை நின்றுவிடுகிறது. அப்புறம் பத்தாம் மாதம் வரைக்கும் வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. போன வருடம் நெல் கருகியது. இந்த வருடமும் கருகிக்கொண்டிருக்கிறது. பத்தாம் மாதம் மழை திரும்ப வரும்போது பஞ்சாங்கம் என்ன சொல்கிறது தெரியுமா? குளிர் வந்துவிட்டது, மண்ணைத் தொடாதே, தானியத்தைப் பூட்டி வை என்கிறது. பூட்டி வைக்கத் தானியம் எங்கே?

பஞ்சாங்கம் பொய் சொல்லவில்லை அக்கா. நம் ஊரைப் பற்றி அது சொல்வதெல்லாம் உண்மை. இந்தப் பூமிதான் தலைகீழாக இருக்கிறது. எருதை அடிக்கும் நாளைப் பத்தாம் மாதத்துக்கு மாற்றலாமா என்று மாமனாரிடம் மெல்லக் கேட்டுச் சொல்.

உன் பதிலுக்குக் கடற்கரையைப் பார்த்தபடி,
தெக்செங்


சுவான்சியு நகரம்
ஏழாம் ஆண்டு, பத்தாம் மாதம்

தம்பி தெக்செங்குக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலமாகத்தான் இருந்தோம், உன் கடிதம் வரும்வரை.

மாமனாரிடம் நான் மெல்லவும் கேட்கவில்லை, உரக்கவும் கேட்கவில்லை. கடல் அலுவலகத்தில் முப்பது வருடம் உட்கார்ந்தவர் அவர். அவர் வாயால் கேட்டு வாங்கிய வேலையில்தான் நீ இருக்கிறாய். நாள் குறிப்பது யார் வேலை? பேரரசர் வேலை. அதை மாற்றுகிறவன் தனி ராஜ்ஜியம் வைக்கப் பார்க்கிறான் என்றுதான் எழுதுவார்கள். மேற்குத் தீவில் ஒருவன் ஒரே ஒரு மாதம் முன்னால் எருதை அடித்தான். அவன் தலை அந்தத் துறைமுகத்திலேயே தொங்கியது. அவன் அண்ணன் தம்பிகளை உப்பளத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒரு காலத்தில் அரசவையில், தூர தேசம் போகும் கப்பல்களையெல்லாம் எரித்துவிடலாம் என்று ஒரு கூட்டம் கத்தியதாமே. அந்தக் கூட்டம் ஜெயித்திருக்கலாம். நீ இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருப்பாய். அவர்கள் தோற்றார்கள், நீ உலகத்தின் வாலில் போய் உட்கார்ந்துகொண்டு வானத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கிறாய்.

புத்தகத்தில் இருப்பதைப் படி. அந்த நாளில் எருதை அடி. விளைந்தால் பேரரசர் புண்ணியம், விளையாவிட்டால் வானத்தின் குற்றம். உன் தலைக்கு அதில் வேலை இல்லை. உங்களுக்கு அரிசிக் கப்பல் புறப்படப்போகிறது என்று மாமனார் சொன்னார். அம்மா சாகும்போது உன்னை என் கையில் பிடித்துக் கொடுத்தாள். அந்த உரிமையில் சொல்கிறேன், இது கட்டளை.

ஆபோவுக்குப் பஞ்சு வைத்த சட்டை ஒன்று தைத்து அனுப்பியிருக்கிறேன். புத்தாண்டுக் குளிரில் போட்டுவிடு.

கோபம் ஆறாத அக்கா,
பீலான்


லாம்புவே
எட்டாம் ஆண்டு, முதல் மாதம்

அக்காவுக்குப் புத்தாண்டு வணக்கம். எல்லோருக்கும் ஆயுள் பெருகட்டும்.

நீ சொன்னபடி செய்துவிட்டேன். குறித்த நாளில், குறித்த நேரத்தில், அதிகாரத் தொப்பி வைத்துக்கொண்டு எருதை அடிக்கப் போனேன். கொட்டுகிற மழை. எருதைச் சுற்றி ஊர்வலம் பாதி வருவதற்குள் அது கரைந்து கன்றுக்குட்டி ஆகிவிட்டது. நான் சாட்டையை ஓங்கியபோது அங்கே சேறுதான் இருந்தது. நம் குவே சாம் இருக்கிறானே, பக்கத்து வீட்டு உழவன், அவன் சொன்னான்: “அடிங்க ஐயா, நீந்திப் போயிறப் போவுது!” ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு எல்லோரும் உழப் போனார்கள், விளையாது என்று தெரிந்தே.

ஆபோவின் சட்டை வந்து சேர்ந்தது. இங்கே புத்தாண்டுக்கு வேர்வை ஆறாக ஓடுகிறது. அவள் கழற்ற மாட்டேன் என்கிறாள். “அத்தை குடுத்தது. நீ யாரு கழட்டச் சொல்ல?” என்று கேட்கிறாள். முதுகெல்லாம் வேர்க்குரு. ராத்திரி தூங்கின பிறகு சியோக்கிம் மெல்லக் கழற்றிவிடுவாள். விடிந்ததும் ஒரே ரகளை.

அரிசிக் கப்பல் இன்னும் வரவில்லை. மீன் கிடைக்கிறது. போன வருடம் இந்த மண்ணின் மக்கள் அல்லிக் கிழங்கு கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தக் குளத்தைத்தான் நாங்கள் வடித்து வயலாக்கிவிட்டோம். கிழங்கும் போயிற்று, அவர்களும் உள்நாட்டுப் பக்கம் போய்விட்டார்கள். யாரைக் குறை சொல்வது?

அரிசிக் கப்பலைப் பற்றி மாமனாருக்கு ஒரு வார்த்தை நினைவுபடுத்து.

உன் சொல் தட்டாத தம்பி,
தெக்செங்


லாம்புவே
எட்டாம் ஆண்டு, ஆறாம் மாதம்

அக்காவுக்கு வணக்கம்.

எல்லோரும் நலம். வெயில் அதிகம். நெல் கருகிவிட்டது. அரிசிக் கப்பல் ஐந்தாம் மாதம் வந்தது, நல்ல அரிசி. குவே சாம் வீட்டில் கூரை மாற்றினோம். வணிகர் அவசரப்படுத்துகிறார், இத்துடன் முடிக்கிறேன்.

தெக்செங்


சுவான்சியு
எட்டாம் ஆண்டு, எட்டாம் மாதம்

தம்பிக்கு ஆசிகள். நாங்கள் நலம். மாமனாருக்குக் கால் வலி குறைந்து இப்போது காது மந்தம். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போயிற்று.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். படிக்க என்ன இருந்தது அதில்? குவே சாம் வீட்டுக் கூரைக்கு இடம் இருக்கிறது, என் மருமகளுக்கு ஒரு வரி இல்லை. மூன்று பக்கம் எழுதுகிற கை எப்படிச் சுருங்கியது? என் பேரில் கோபமா? கோபம் என்றால் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். ஆபோ எவ்வளவு உயரம்? அவள் காலை ஒரு தாளில் வைத்துக் கோடு போட்டு அனுப்பு. நடு இலையுதிர் நிலா நாளுக்கு மாவு உருண்டை செய்தேன், அவள் பெயரைச் சொல்லி ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தேன். அத்தான் சிரித்தார்.

அவளைப் பற்றி எழுது.

பீலான்


சுவான்சியு
எட்டாம் ஆண்டு, ஒன்பதாம் மாதம்

தெக்செங்,

முந்தைய கடிதத்துக்குப் பதில் வரக் காலம் ஆகவில்லை என்று தெரியும். பொறுக்க முடியாமல் எழுதுகிறேன். உங்கள் பக்கமிருந்து திரும்பிய மாலுமி ஒருவன் நம் தெருவில் மீன் கருவாடு விற்றுக்கொண்டிருந்தான். லாம்புவேயைப் பற்றிக் கேட்டேன். “அங்கயா? அரிசி போய்ச் சேர்றதுக்குள்ள சின்னப் புள்ளைங்கல்லாம் காய்ச்சல்ல போயிருச்சுங்கம்மா” என்றான். எந்த வீட்டில் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை.

நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. அவள் சட்டை இப்போது அவளுக்குச் சின்னதாகிவிட்டதா, அதை மட்டும் சொல்.

அக்கா


லாம்புவே
எட்டாம் ஆண்டு, பத்தாம் மாதம்

அக்கா,

நீ எட்டாம் மாதம் எழுதியது நேற்று வந்தது. காலுக்குக் கோடு போட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறாய்.

ஆபோ நான்காம் மாதம் போய்விட்டாள். காய்ச்சல் என்று எல்லோருக்கும் சொன்னேன். வயிற்றில் சோறு இருந்திருந்தால் அந்தக் காய்ச்சல் அவளை ஒன்றும் செய்திருக்காது. கடைசி வாரம் ஒருநாள் கேட்டாள்: “அத்தை வீட்ல சோறு இருக்கா?” “இருக்கு” என்றேன். “அப்ப அங்க போலாம்” என்றாள். கிளம்பத் தயாராகச் சட்டையைப் போட்டுவிடச் சொன்னாள். அதோடுதான் புதைத்தோம். குவே சாமின் இரண்டு பையன்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

முன்பே எழுதாததற்குக் காரணம் ஒன்றுதான். எழுதினால் உன் கடிதத்தைக் குற்றம் சொன்னது மாதிரி ஆகிவிடும். நீ என் தலையைக் காப்பாற்றப் பார்த்தாய். அதில் என்ன தப்பு? சியோக்கிம் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சமைக்கிறாள், வைக்கிறாள், போகிறாள்.

முந்தாநாள் முதல் மழை விழுந்தது. மண் வாசனை வந்ததும் ஊர் முழுக்க வெளியே வந்து என் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இன்று காலை புது எருது செய்து, அடித்து உடைத்துவிட்டேன். இப்போது எல்லோரும் வயலில் இருக்கிறார்கள். சத்தம் இங்கே கேட்கிறது.

வழக்கம்போல் இரண்டாம் மாதம் பரிசோதகர் வருவார். பச்சை வயலை மறைக்க முடியாது. எருதை எப்போது அடித்தாய் என்றுதான் முதலில் கேட்பார். என் பெயரை மாமனார் வீட்டில் இனி யாரும் சொல்ல வேண்டாம். எனக்குத் தம்பியே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடு. நீ உப்பளத்துக்குப் போனால் என் ஆவிக்கு நிம்மதி இருக்காது.

காற்று எதிர்த்து அடிக்கிறது. இது மலாக்கா சுற்றித்தான் உன்னிடம் வரும். அதற்குள் நாற்று முழங்கால் உயரம் வந்திருக்கும்.

தெக்செங்


சுவான்சியு
எட்டாம் ஆண்டு, பன்னிரண்டாம் மாதம்

என் தம்பிக்கு,

அழுதேன். அதை எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு மாமனாருக்குத் தேநீர் கொண்டுபோனேன். நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன், கவனமாகப் படி.

அவர் காதருகில் போய்க் கேட்டேன்: “மாமா, எருத நாள் தப்பி அடிச்சா என்ன தண்டனை?”

“முந்தி அடிச்சா தலை போவும். பேரரசர் பிறப்பிக்காத வருஷத்த அவன் பிறப்பிச்ச மாதிரி ஆச்சுல்ல? பிந்தி அடிச்சா மூங்கில் அடி. சோம்பேறிங்க எல்லா ஊர்லயுந்தான் இருக்கானுங்க.”

“எவ்ளோ பிந்தினாலும் அதானா?”

“எவ்ளோ பிந்தினாலும் சோம்பேறி சோம்பேறிதான்” என்றார். அப்புறம் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “உன் தம்பி சோம்பேறியாம்மா?”

“பெரிய சோம்பேறி, மாமா. சொல்லி மாளாது.”

“மழையில எருது கரைஞ்சிருச்சுன்னு சொன்னியே, அந்தப் பூசை செல்லாது. சாட்டை படணும், எருது உடையணும். அப்படிப் பாத்தா எட்டாம் ஆண்டு எருத அவன் இன்னும் அடிக்கவே இல்ல.” எழுந்து தடியை எடுத்தவர் வாசலில் திரும்பி, “பரிசோதகர் கப்பல் இன்னும் பாய் கட்டல. வணிகர் கப்பல் நாளைக்கே போவுது” என்றார். இந்த மனிதருக்கா காது மந்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

புரிகிறதா? பத்தாம் மாதம் நீ அடித்தது அடுத்த வருடத்து எருது அல்ல. இந்த வருடத்து எருது. ஒன்பது மாதம் பிந்திவிட்டாய். வசந்தத்தில் அடிக்க வேண்டியதை மறந்து தூங்கிவிட்டாய். இனி ஒவ்வொரு வருடமும் தூங்கு. மூங்கில் அடி வலிக்கும். உன் பெயரையும் இங்கே அலுவலக வாசலில் எழுதிப் போடுவார்கள், நம் குடும்பத்துக்கு அவமானம்தான். வரட்டும்.

தம்பி இல்லை என்று எழுதிக் கொடுக்கச் சொன்னாயே, அந்தப் பேச்சை இன்னொரு முறை எடுக்காதே. இந்தக் கடிதம் பரிசோதகருக்கு முன்னால் உன் கைக்கு வந்துசேர மாசோ கோயிலில் விழுந்து கிடக்கிறேன்.

உன் அக்கா


லாம்புவே
ஒன்பதாம் ஆண்டு, மூன்றாம் மாதம்

அக்காவின் காலைத் தொட்டு எழுதுகிறேன். இதை நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். உட்கார இன்னும் பல நாள் ஆகும்.

வணிகர் கப்பல் வந்து நங்கூரம் போட்டது. மறுநாளே அரசுக் கொடி தெரிந்தது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். ஊரில் பெரியவர்கள் எல்லோரிடமும் விஷயத்தைச் சொன்னேன்.

பரிசோதகர் நல்ல வயதானவர். நேராக வயலுக்குப் போனார். நெல் பால் பிடித்து முற்றிக்கொண்டிருந்தது. அவர் வரப்பில் நின்றார், ஊரே பின்னால் நின்றது.

“எருத எப்போ அடிச்சே?”

“போன வருஷத்து எருதுங்களா ஐயா? பத்தாம் மாசம்.”

“ஒன்பது மாசம் கழிச்சா?”

“சோம்பல்தான் ஐயா.”

“சரி, இந்த வருஷத்து எருது?”

“இன்னும் அடிக்கலைங்க. அடிச்சிருவேன். மெதுவா.”

பின்னாலிருந்து குவே சாம் சொன்னான்: “இவர் எப்பவுமே இப்பிடித்தாங்க. கல்யாணத்துக்கே மறுநாள்தான் வந்தாரு.” பரிசோதகர் யாரையும் பார்க்கவில்லை. ஒரு கதிரை உருவி வாயில் போட்டு மென்றார். நாற்பது அடி என்று தீர்ப்புச் சொன்னார்.

அடிக்கும் வேலை குவே சாம் தலையில் விழுந்தது. மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றான், கை ஓங்கவே இல்லை. “ஓங்கி அடிடா!” என்று பரிசோதகர் அதட்டினார். அவன் அழுதுகொண்டே அடித்தான். எண்ணியது பரிசோதகர்தான். ஏழு வரை ஒழுங்காக எண்ணினார். ஏழுக்கு அப்புறம் பன்னிரண்டு, அதற்கப்புறம் இருபது. பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்குக்கூட அவ்வளவு மோசமாக எண்ண வராது. அப்படியும் தோல் உரிந்துவிட்டது.

வீட்டுக்குத் தூக்கி வந்து குப்புறப் போட்டார்கள். சியோக்கிம் மூலிகை அரைத்துத் தடவினாள். தடவிக்கொண்டே பேசினாள். பத்து மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

“இந்த அடியப் போன வருஷமே வாங்கியிருக்கலாமே.”

அவள் கை நிற்கவில்லை, தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

அறுவடை முடிந்தது. எல்லார் வீட்டிலும் அரிசி வேகிறது. முதல் சோற்றைப் பிள்ளைகளின் மேட்டுக்குக் கொண்டுபோய் வைத்தோம்.

நின்றபடியே வணங்கும்,
தெக்செங்


சுவான்சியு
ஒன்பதாம் ஆண்டு, எட்டாம் மாதம்

தம்பி தெக்செங்குக்கும் சியோக்கிமுக்கும் அக்கா எழுதுவது. புண் ஆறியதா? சோறு வயிறு நிறையச் சாப்பிடுகிறீர்களா? நாங்கள் இருக்கிறோம்.

ஆறாம் மாதம் கப்பல்கள் திரும்பின. போன வாரம் அலுவலக வாசல் பலகையில் உன் பெயரை ஒட்டிவிட்டார்கள். பெரிய பெரிய எழுத்து. லாம்புவே பஞ்சாங்க அதிகாரி சுவா தெக்செங், சோம்பேறி, எருதை ஒன்பது மாதம் பிந்தி அடித்தவன். சந்தைக்குப் போகிற கூட்டம் முழுக்க அங்கே நின்று சிரிக்கிறது. ஒருவன் சொல்கிறான், “ஒன்பது மாசமா? நம்ம ஊர்ல புள்ளையே பெத்துருவாங்களே!” அத்தான் அந்தத் தெருவையே விட்டுச் சுற்றிப் போகிறார். மாமனார் மட்டும் தினமும் அதன் வழியாக, நிமிர்ந்து, தடியை ஊன்றிக்கொண்டு போகிறார்.

நானும் போனேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், “இது என் தம்பி” என்றேன். சிப்பி விற்கிறவள் வாயைப் பிளந்தாள். “அய்யோ, உங்க தம்பியா? சின்ன வயசுலேந்தே இப்பிடித்தானா?”

“இல்லம்மா. சின்ன வயசுல நான் சொல்றதெல்லாம் அப்படியே கேப்பான். அதான் தப்பாப் போச்சு” என்றேன். அவளுக்குப் புரியவில்லை. சிரித்தாள்.

சியோக்கிம், நீ அவனிடம் சொன்னதை அவன் எனக்கு எழுதினான். அந்தக் கேள்வி அவனுக்கு உரியது அல்ல அம்மா. என்னிடம் கேட்க வேண்டியது. நமக்கு நடுவில் கடல் கிடப்பதால் அவன் வாங்கிக்கொண்டான். பதில் வரும் நாளில் உன் முன்னால் வந்து சொல்கிறேன், அதுவரை என்னைத் திட்டிக்கொண்டே இரு.

தெக்செங், உன் புண் ஆறியதும் மனம் மாறும். அடுத்த வசந்தம் வரும்போது பஞ்சாங்கம் மேசை மேல் கிடக்கும், மூங்கில் நினைவுக்கு வரும், புத்தகப்படியே அடித்துத் தொலைத்தால் என்ன என்று தோன்றும். அப்போது அக்கா சொன்னாள் என்று ஒரு முறை என் பேச்சைக் கேட்ட மாதிரியே இன்னொரு முறையும் கேள். நாளைக்கும் நான் அந்தப் பலகைக்கு முன்னால் போய் நிற்பேன். அடுத்த வருடம் உன் பெயர் அதில் வராமல் போனால், என்னை அக்கா என்று கூப்பிடாதே.

சோம்பேறியின் அக்கா,
பீலான்